கொக்கின் நிழல்

வெற்றிச்செல்விக்கு விமானம் என்றால் உயிர். ஒரு விமானம் மேலே ஏறுவதைப் பார்க்க ஆரம்பித்தாள் என்றால் அவ்வளவுதான், கூப்பிட்டாலும் காதில் விழாது. உடம்பு கீழே நிற்கும், ஆள் மேலே போயிருப்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் கிடைத்த வேலை என்ன தெரியுமா? விமானத்தைப் பார்க்காமல் நிற்பது.

சிரிக்க வேண்டாம். அப்படியும் ஒரு வேலை இருக்கிறது.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் சாலையில் பாதி வழியில் உள்ளே திரும்பினால் ஓடையேரி வரும். ஐப்பசியில் அங்கே தண்ணீர் தளும்பும். சித்திரையில் ஒரு சொட்டுக்கூடக் கிடைக்காது. தரை வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். அந்த நாட்களில் ஏரி, மாதிரி விமான மன்றத்தின் விமான நிலையமாகிவிடும். மன்றத்தில் மொத்தமே எட்டுப் பேர். அவர்களின் விமானத்தில் யாரும் ஏறிப் போக முடியாது. இரண்டு கைகளையும் விரித்தால் எவ்வளவு அகலமோ, அவ்வளவுதான் அதன் இறக்கை. தரையில் நின்றுகொண்டு கையிலிருக்கும் ரிமோட்டால் ஓட்டுவார்கள்.

ஓட்டுகிறவர் விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே கூடாது. ஒரு நொடி வேறு பக்கம் திரும்பினால் போதும், அது வருகிறதா போகிறதா என்பதே குழம்பிவிடும். அப்படியென்றால் குறுக்கே ஆடு வந்தால் யார் பார்ப்பது? பருந்து வந்தால், ஆள் வந்தால்? அதற்குத்தான் பக்கத்தில் இன்னொருவர் நிற்பார். விமானத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் பார்க்க வேண்டும். மன்றத்தில் அந்த வேலைக்குப் பெயர் 'காவல்'.

அம்மா ஓட்டும்போதெல்லாம் காவல் நிற்பவள் செல்விதான். அவள் அம்மா சசிகலா டவுனில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஒட்டுவதிலும் பற்றவைப்பதிலும் அவர் கைக்கு ஈடு கிடையாது.

மன்றத்தின் தலைவர் சாமிதுரை. முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், அவருடைய விசில் இன்னும் பெறவில்லை. மன்றத்துச் சட்டங்கள் எல்லாம் அவர் போட்டதுதான், அதனால் அவற்றில் பஸ் வாசனை கொஞ்சம் அடிக்கும். விமானம் கிளம்பலாம் என்றால் 'ரைட்'. நிறுத்த வேண்டுமென்றால் 'ஹோல்டான்'.

ஹோல்டானுக்கு மட்டும் தனிச் சட்டம் உண்டு. அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சின்னப் பிள்ளை சொன்னாலும் சரி, சொன்ன உடனே ஓட்டுகிறவர் விமானத்தை ஆளில்லாத பக்கம் திருப்பி இறக்கிவிட வேண்டும். விமானம் தரையில் நிற்கும் வரை யாரும் 'ஏன்?' என்று கேட்கக் கூடாது. சொன்னவரைக் கேலி செய்யவும் கூடாது.

இந்தக் கடைசிச் சட்டத்தைத்தான் அஜித்குமார் மறந்துவிட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை அஜித்தின் அப்பா முத்துவேல் விமானம் ஓட்டினார். காவலுக்கு ஆள் குறைந்ததால் செல்வி நின்றாள். புத்தம்புதுச் சிவப்பு விமானம் அது. வெயில் பட்டதும் மினுமினுத்தது. செல்வி ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு தடவையே போதுமானதாக இருந்தது. அவளும் மேலே ஏறிப்போய்விட்டாள். தூரத்தில் சிமெண்ட் ஆலைப் புகைபோக்கிகள் ஊதுபத்திகளாகத் தெரிவதாகவும், அதற்கும் அப்பால் கொள்ளிடம் வெள்ளிக் கம்பியாக நெளிவதாகவும் கனவு கண்டுகொண்டிருந்தாள்.

திடுக்கிட்டுக் கீழே வந்தபோது, விமானத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஏதோ ஒன்று சுழன்றுகொண்டு வந்தது. பருந்து என்றே நினைத்தாள்.

"ஹோல்டான்" என்று கத்தினாள்.

முத்துவேல் அவசரமாக இறக்கினார். சக்கரம் ஒரு பாளத்தில் மாட்டி, விமானம் மூக்குக் குத்தி, முன்விசிறி இரண்டாக ஒடிந்தது. அந்த வெள்ளைப் பருந்தும் மெதுவாக இறங்கி வந்து சாமிதுரையின் காலடியில் உட்கார்ந்தது. அது ஒரு கேரிபேக்.

பெரியவர்கள் யாரும் திட்டவில்லை. "விசிறி போனாப் போவுது பாப்பா, வேற மாட்டிக்கலாம்" என்றார் முத்துவேல். அஜித்குமார் மட்டும் அவளைத் தாண்டிப் போகும்போது, "என்ன கேரிபேக், சௌக்கியமா?" என்று மெல்லக் கேட்டுவிட்டுப் போனான். அவனுக்குப் பதின்மூன்று வயது. அந்த விசிறியை அப்பாவோடு சேர்ந்து அவன்தான் தேய்த்து மெருகேற்றியிருந்தான்.

செல்விக்கு அழுகை வந்தது. வீடு போய்ச் சேரும் வரை அதை அடக்கிக்கொண்டாள்.

இந்தச் சனிக்கிழமை சாயங்காலம். சமையலறை மேடையில் அடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை விமானம் படுத்திருந்தது. பத்து மாதமாக அது அங்கேதான் படுத்திருக்கிறது. அம்மா கடையை மூடிவிட்டு வந்து, தினமும் ஒரு மணி நேரம் அதோடு உட்காருவார். மெல்லிய மரச்சட்டங்களை அறுத்து, ஒட்டி, மேலே வெள்ளைத் தாள் இழுத்துக் கட்டிய விமானம். நீண்ட கழுத்தும் நீண்ட இறக்கையுமாக இருந்ததால் 'கொக்கு' என்று பெயர். அது மேடைக்கு வந்த நாளிலிருந்து அப்பா அடுப்பைக் கீழே இறக்கி, தோசையைத் தரையில் உட்கார்ந்துதான் சுட்டுக்கொண்டிருந்தார்.

நாளைக்குக் கொக்கு முதல் முறையாகப் பறக்கப் போகிறது.

"அம்மா, நாளைக்கு நான் காவல் நிக்கல. வேற யாராச்சும் நிக்கட்டும்" என்றாள் செல்வி.

அம்மா திருகாணியை முறுக்கிக்கொண்டே, "ஏன்?" என்றார்.

"நான் தப்பாச் சொல்லிட்டா கொக்கு ஒடஞ்சுரும்."

"போன வாரம் நீ பாத்தது என்ன?"

"கேரிபேக்."

"பாக்கறப்ப என்னவாத் தெரிஞ்சுச்சு?"

"பருந்தாட்டம்."

"அப்பறம் என்ன? பருந்தாட்டம் தெரிஞ்சா பருந்துன்னுதான் சொல்லணும். கிட்டக்கப் போயி மோந்து பாத்துட்டா வந்து சொல்ல முடியும்?" என்றார் அம்மா. பிறகு திருகாணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "எனக்கு நீதான் நிக்கணும். வேற யாரு நின்னாலும் கையி நடுங்கும்."

படுக்கப் போகும்போது செல்வி மனசுக்குள் ஒரு முடிவு எடுத்துக்கொண்டாள். நாளைக்குக் கொக்கைப் பார்ப்பதே இல்லை. அது எவ்வளவு அழகாகப் பறந்தாலும் சரி, ஒரு தடவைகூட நிமிர்வதில்லை.

காலையில் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். செல்வி பின்னால் உட்கார்ந்து, துணி சுற்றிய இறக்கைகளைத் தூங்கும் குழந்தையைப் பிடிப்பதைப்போல மடியில் பிடித்துக்கொண்டாள். சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிரே வந்தபோதெல்லாம் அம்மா வண்டியை ஓரம் கட்டினார். அறுவடை முடிந்த சோளக் காடுகளின் மேல் வெளிச்சம் மஞ்சளாகப் படிந்திருந்தது. எங்கேயோ ஒரு மயில் கத்தியது. காற்று அடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

ஏரிக்குள் எல்லோரும் வந்திருந்தார்கள். சாமிதுரை சுண்ணாம்புப் பொடியால் நீளமாக ஒரு கோடு போட்டு முடித்திருந்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆட்கள், அந்தப் பக்கம் விமானங்கள். ஓட்டுகிறவர் கண்ணில் வெயில் அடிக்கக் கூடாது என்பதால், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி கோடு ஏரியின் கிழக்கு ஓரத்தில் இருந்தது. எதிரே வடக்குத் தெற்காக ஓடுதளம். இடது கைப் பக்கம், தெற்குக் கோடியில் ஆரம்பித்து மேற்கே நீண்டு, ஆள் உயரத்துக்குக் கோரைப்புல் மண்டிக் கிடந்தது. அவசரத்துக்கு விமானத்தைக் கொண்டுபோய்ப் போடும் இடம் அது. தூரத்தில் மேற்குக் கரையில் ஓர் ஆட்டு மந்தை மேய்ந்துகொண்டிருந்தது.

"வா கேரிபேக்" என்றான் அஜித்குமார்.

செல்விக்கு முகம் சுருங்கியது. போய்க் கொக்கின் வாலைப் பிடித்துக்கொண்டாள்.

சாமிதுரை கக்கத்தில் இருந்த அட்டையை எடுத்தார். டிக்கெட் கொடுக்கிற குரலில் படிக்க ஆரம்பித்தார்.

"ரிமோட்டு?"

"போட்டாச்சுங்க" என்றார் அம்மா.

"பேட்டரி?"

"இப்பதான் சொருகறேன்."

"ரிமோட்டு முன்னாடி, பேட்டரி பின்னாடி. எறங்கறப்ப பேட்டரி முன்னாடி, ரிமோட்டு பின்னாடி. மாத்திப் போட்டா விசிறி தானா சுத்தும், வெரலு போயிரும். வாலு?"

அம்மா ரிமோட்டில் குச்சியை அசைத்தார். வாலில் இருந்த பலகை ஆடியது.

"ஆடுது" என்றாள் செல்வி.

"எறக்கை?"

"ஆடுது."

"முப்பது அடி தள்ளிப் போயிப் பாத்தாச்சா?"

"பாத்தாச்சுங்க. அங்கேருந்தும் ஆடுது."

"விசிறிக்கு நேரா ஆளு?"

"யாரும் இல்ல."

"காவலு?"

அம்மா திரும்பிச் செல்வியைப் பார்த்தார்.

"நானுங்க" என்றாள் செல்வி.

சாமிதுரை அட்டையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு விசிலை ஒரு முறை ஊதினார். "ரைட்."

கொக்கு ஓடியது. முதலில் தடதடவென்று பாளங்களின் மேல் ஓடியது, பிறகு சத்தம் நின்றது. சத்தம் நின்றால் ஏறிவிட்டது என்று அர்த்தம். பின்னால் இருந்தவர்கள் ஒரே குரலாக "ஆ" என்றார்கள். அந்த "ஆ"வைக் கேட்டதும் செல்வியின் கழுத்து தானாகவே நிமிரப் பார்த்தது. தாடையைக் கீழே அழுத்திக்கொண்டாள்.

எதைப் பார்ப்பது? கரையைப் பார்த்தாள். கோரைப்புல்லைப் பார்த்தாள். வானத்தில் மற்ற இடங்களை எல்லாம் பார்த்தாள். ஒரு வாலாட்டிக் குருவி மட்டும் தனக்கும் இந்த ஏரிக்கும் சம்பந்தமே இல்லை என்பதைப்போல நடந்து போனது.

அப்போதுதான் அவள் நிழலைப் பார்த்தாள்.

கொக்கின் நிழல் ஏரிக்குள் மிதந்து போய்க்கொண்டிருந்தது. காலை வெயில் சாய்ந்து விழுந்ததால் அது விமானத்தை விட்டு வெகுதூரம் தள்ளி, மேற்கே தனியாகத் திரிந்தது. வெடித்த தரையின் மேல் ஏறி இறங்கியது. கருவேல மரத்தைத் தொட்டுவிட்டு வந்தது. தண்ணீர் இல்லாத ஏரியில் ஒரு பெரிய நீலமீன் நீந்துவதைப்போல இருந்தது. விமானத்தைப் பார்க்கக் கூடாது என்றுதானே சட்டம், நிழலைப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. செல்வி சந்தோஷமாக அதன் பின்னாலேயே கண்ணை ஓட்டினாள். கொக்கு வளைகிறது, ஏறுகிறது, சாய்கிறது என்பதெல்லாம் நிழலிலேயே தெரிந்தது. அம்மா எவ்வளவு அழகாக ஓட்டுகிறார் என்று நினைத்தாள். அவளுக்குப் பெருமையாக இருந்தது.

மேற்குக் கரையில் ஆடுகள் தலையைத் தூக்கின. நிழல் அவற்றின் மேல் ஓடிவிட்டு வந்தது. அடுத்த சுற்றில் நிழலுக்குப் பின்னாலேயே சின்னதாக ஒன்று கரையிலிருந்து இறங்கியது. நிழல் போன பக்கமெல்லாம் அதுவும் போனது. ஒரு குதி, ஒரு ஓட்டம், மறுபடி ஒரு குதி. புழுதிக்குள் சரியாகத் தெரியவில்லை.

ஆட்டுக்குட்டி என்று நினைத்தாள்.

அம்மாவின் சட்டைப் பையில் இருந்த டைமர் அடித்தது. "பேட்டரி கொறையுது. எறக்கறேன்" என்றார் அம்மா.

"எறக்கம்" என்று சாமிதுரை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஆனால் அவர் கண்ணும் கொக்கின் மேல்தான் இருந்தது. விசில் உதட்டில் மாட்டியபடியே தொங்கியது. முத்துவேல், அஜித்குமார் என்று எல்லோருமே வாயைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஏரியில் கீழே பார்த்துக்கொண்டு நின்றது ஒரே ஓர் ஆள்தான்.

கொக்கு தெற்கே போய்த் திரும்பி, ஓடுதளத்துக்கு நேராகத் தாழ ஆரம்பித்தது. செல்வி நிழலைப் பார்த்தாள். விமானம் இறங்க இறங்க, தள்ளி இருந்த நிழல் அதை நோக்கிக் கிட்டே வந்துகொண்டிருந்தது. தரையைத் தொடும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். அப்படியென்றால் நிழலைத் துரத்துவது எதுவாக இருந்தாலும், அது நேராக விமானத்துக்கு அடியில்தான் வந்து நிற்கும்.

அந்தச் சின்ன உருவத்தைத் தேடினாள். ஓடுதளத்தின் தெற்கு முனைக்குப் பக்கத்தில் ஒரு தடவை குதித்தது. அவ்வளவுதான், அப்புறம் அதைக் காணவில்லை. வெறும் தரைதான் தெரிந்தது.

ஆட்டுக்குட்டியாக இருக்கலாம். கேரிபேக்காகவும் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அம்மாவின் பத்து மாதம் அந்த வெள்ளைத் தாளுக்குள் பறந்து வந்துகொண்டிருந்தது. பின்னால் அஜித்குமார் நிற்கிறான். இந்த முறையும் தப்பாகிவிட்டால், இனி அவள் எந்த முகத்தோடு இங்கே வருவாள்?

ஆனால் அது நிழலைத் துரத்தியது. கேரிபேக் எங்காவது நிழலைத் துரத்துமா? ஆட்டுக்குட்டியும்கூடத் துரத்தாதே.

"ஹோல்டான்" என்றாள் செல்வி. குரல் உடைந்து வந்தது. ஆனாலும் எல்லோர் காதிலும் விழுந்தது.

அம்மா எங்கேயும் திரும்பவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. கட்டைவிரல் ஒரு முறை நகர்ந்தது. கொக்கு உறுமிக்கொண்டு மூக்கைத் தூக்கியது, இடது பக்கம் சாய்ந்தது. இன்னொரு சுற்றுப் போகப் பேட்டரியில் தெம்பு இல்லை. விசிறி முனகியது, பிறகு நின்றது. கொக்கு சத்தமில்லாமல் கோரைப்புல்லுக்கு மேலே போய், அதற்குள் விழுந்தது.

'மடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அது இறக்கை ஒடிந்த சத்தம் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அம்மா முதலில் போய்ப் பேட்டரியைக் கழற்றினார். திரும்பி வந்து ரிமோட்டை அணைத்தார். சாமிதுரைக்கு இப்போதுதான் விசில் ஞாபகம் வந்தது. ஊதினார்.

"என்ன பாப்பா பாத்த?" என்று கேட்டார்.

"அந்தக் கோடியில ஏதோ குதிச்சுதுங்க."

"என்னது?"

"தெரியலீங்க. அப்பறம் காணும்."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். வெயில் விழுந்து கிடந்த வெறும் தரைதான் இருந்தது. அஜித்குமார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவன் அப்பா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

செல்வி கோட்டைத் தாண்டி நடந்தாள். ஓடுதளம் இவ்வளவு நீளம் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை, 'ஏதாச்சும் இருக்கணும், ஏதாச்சும் இருக்கணும்' என்று வேண்டிக்கொண்டாள். உடனே, 'ஒண்ணும் ஆயிருக்கக் கூடாது' என்றும் வேண்டிக்கொண்டாள்.

தெற்கு முனையில் இடுப்பளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. போன வாரம் கிடையாது. நடுவில் யாரோ வயலுக்கு வண்டல் மண் வெட்டி டிராக்டரில் ஏற்றிப் போயிருந்தார்கள். சக்கரத் தடம் புதிதாகத் தெரிந்தது. கோட்டுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் பள்ளம் இருப்பதே தெரியாது. சாமிதுரையின் அட்டையில் வாலும் இறக்கையும் இருந்தன, பள்ளம் இல்லை.

பள்ளத்துக்குள் ஒரு பையன் இருந்தான். ஐந்தாறு வயது இருக்கும். கால்சட்டை மட்டும் போட்டிருந்தான். தலைமுதல் கால்வரை புழுதி. இரண்டு கைகளையும் தரையில் விரித்து அழுத்திக்கொண்டு, அசையாமல் குந்தியிருந்தான்.

செல்வி அப்படியே பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடா பண்ற?" என்று கேட்டாள்.

"உஷ்" என்றான் அவன். "நெழலு இங்கதான் வந்துச்சு. அமுக்கிப் புடிச்சேன்." கைகளை மெல்லத் தூக்கிப் பார்த்தான். முகம் வாடிவிட்டது. "காணும்."

"உம் பேரு என்ன?"

"மாயவன்."

அதற்குள் பின்னால் எல்லோரும் வந்துவிட்டார்கள். அஜித்குமார் பள்ளத்தைப் பார்த்தான். கொக்கு தாழ்ந்து வந்த பாதையைப் பார்த்தான். தன் முழங்கால் உயரத்தில் கையை நீட்டி, கொக்கு அங்கே எவ்வளவு தாழ வந்திருக்கும் என்று பார்த்தான். அந்தப் பையன் எழுந்து நின்றிருந்தால் அந்தக் கை சரியாக எங்கே படும் என்று அவனுக்குப் புரிந்தது. கையை மெதுவாக எடுத்துக்கொண்டான்.

மேற்குக் கரையிலிருந்து ஓர் அம்மா சேலையைச் செருகிக்கொண்டு ஓடிவந்தார். கையில் ஆட்டுக்கோல் இருந்தது. பையனின் அம்மா மருதாயி.

"பொழுதுக்கும் இதே வேலையாப் போச்சு. ஆட்டப் பாக்கறதா, ஒன்னையப் பாக்கறதா" என்று கோலை ஓங்கினார்.

செல்வி எழுந்து நடுவில் போய் நின்றாள். "அடிக்காதீங்க அத்தை. அவன் சும்மா வரல. நெழலு கூப்புட்டுச்சு, வந்துட்டான்" என்றாள்.

ஓங்கிய கோல் அப்படியே நின்றது. மருதாயி செல்வியைப் பார்த்தார், கோரைப்புல்லுக்குள் நீட்டிக்கொண்டிருந்த வெள்ளை வாலைப் பார்த்தார். கோலைக் கீழே போட்டுவிட்டு மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவன் புழுதியெல்லாம் அவர் சேலைக்கு வந்தது.

செல்வி அம்மாவிடம் வந்தாள். "எறக்கை போச்சும்மா" என்றாள்.

"எறக்கையத்தான் ஒட்டிக்கலாமே" என்றார் அம்மா. செல்வியைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். "போ, டிபன் பாக்ஸத் தெற. மொதல்ல அந்தப் பயலுக்கு ரெண்டு இட்லி குடு."

மாயவன் நான்கு தின்றான்.

வீட்டுக்குக் கிளம்பும்போது ஒடிந்த இறக்கையை யார் எடுத்துவருகிறார்கள் என்று செல்வி திரும்பிப் பார்த்தாள். அஜித்குமார் எடுத்து வந்துகொண்டிருந்தான். சின்னச் சின்னச் சிராய்களைக்கூடப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்திருந்தான்.

"இத ஒட்டறதுக்கு நானும் வரட்டா, செல்வி?" என்று கேட்டான்.

"வா" என்றாள் அவள். "ஆனா எங்க வூட்ல தரையிலதான் தோச சுடுவாங்க. பாத்து மிதிக்காம வரணும்."

அவர்கள் கிளம்புவதற்குள் சாமிதுரை பள்ளத்தைச் சுற்றி நான்கு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினார். அட்டையின் அடியில் 'தரையை நடந்து பார்த்தாச்சா?' என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தார். "அந்தப் பையன இனிமே இந்தப் பக்கம் விடாதீங்கம்மா" என்று மருதாயியிடம் சொல்லவும் போனார்.

"அது முடியாதுங்க" என்றாள் செல்வி.

"ஏன் முடியாது?"

"நெழலு போனா அவனும் வருவான். வராதன்னா ஒளிஞ்சு வருவான். ஒளிஞ்சு வந்தா எனக்குத் தெரியாதுல்ல?" அவள் கொஞ்சம் யோசித்தாள். "அவன நம்ம பக்கம் கூட்டிக்கலாங்க. கோட்டுக்கு இந்தப் பக்கம், எம் பக்கத்துல நிக்கட்டும். எனக்கும் ஒரு ஆளு வேணும்."

"எதுக்கு?"

"நெழலப் பாக்க. நான் அதையே பாத்துட்டு நின்னா மத்ததெல்லாம் யாரு பாக்கறது?"

சாமிதுரை விசிலைக் கையில் வைத்து உருட்டினார். இந்த மாதிரி ஒரு பதவி அவர் சட்டத்திலேயே இல்லை. கடைசியில், "சரி, ஏறிக்கச் சொல்லு" என்றார்.

அதிலிருந்து நான்காவது ஞாயிற்றுக்கிழமை கொக்கு மறுபடியும் ஏரிக்கு வந்தது. இறக்கையில் நீளமாக ஓர் ஒட்டு. வெள்ளைத் தாள் தீர்ந்துபோயிருந்ததால் அந்த இடத்தில் மட்டும் பச்சை நிறம்.

சாமிதுரை அட்டையைப் படித்தார். வாலு, எறக்கை, பேட்டரி, தரை. அஜித்குமார் தரையை இரண்டு முறை நடந்து பார்த்திருந்தான். காவலுக்குச் செல்வியும் அவள் இடுப்பு உயரத்துக்கு மாயவனும் நின்றார்கள். அவன் இன்றைக்குச் சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். மேற்குக் கரையில் மருதாயி ஆடுகளோடு நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரைட்."

கொக்கு ஏறியது. நிழல் ஏரிக்குள் இறங்கி மிதந்தது. மாயவன் அதைப் பார்த்தபடி வாய்க்குள்ளேயே ஏதோ பாடினான். காற்று மெதுவாக வந்தது. கோரைப்புல் ஒரு பக்கமாகத் தலைசாய்த்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று போனது. எல்லோரும் பாதித் தூக்கத்தில் நிற்பதைப்போல நின்றார்கள்.

"ஹோல்டான்" என்று ஒரு கீச்சுக்குரல் கேட்டது.

அம்மாவின் கட்டைவிரல் நகர்ந்தது. கொக்கு தாழ்ந்தது. ஆளில்லாத பக்கமாகத் திரும்பி, பாளங்களின் மேல் தடதடவென்று ஓடி, நின்றது. அம்மா போய்ப் பேட்டரியைக் கழற்றினார். ரிமோட்டை அணைத்தார். அதன் பிறகுதான் எல்லோரும் திரும்பினார்கள்.

"என்னப்பா பாத்த?" என்றார் சாமிதுரை.

மாயவன் விரலை நீட்டினான். கருவேல மரத்தின் முள்ளில் மாட்டிக்கொண்டு, காற்றில் உப்பி உப்பிச் சுருங்கியது ஒரு வெள்ளை கேரிபேக்.

எல்லோருடைய முகத்தையும் பார்த்துவிட்டு மாயவன் செல்வியின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அவன் காது சிவந்துவிட்டது. செல்வி அஜித்குமாரைப் பார்த்தாள்.

அஜித்குமார் ஓடினான். முள்ளிலிருந்து கேரிபேக்கைப் பக்குவமாக எடுத்து, நான்காக மடித்து, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். திரும்பி வந்து மாயவனின் முன்னால் குந்தினான்.

"எவ்ளோ தூரத்துல இருந்துச்சு, எப்புடிரா பாத்த?" என்றான். "எனக்குத் தெரியவே இல்ல."

மாயவன் பாவாடைக்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டான். பிறகு இரண்டு கண்ணையும் விட்டான்.

அம்மா புதுப் பேட்டரியைச் சொருகினார். சாமிதுரை அட்டையைப் புரட்டி, முதல் வரியிலிருந்து மறுபடியும் படிக்க ஆரம்பித்தார். ஒரு வரிகூட விடவில்லை. விசில் ஊதினார்.

"ரைட்."

கொக்கு ஏறியது. மாயவன் நிழலைப் பார்த்தான். செல்வி மற்ற எல்லாவற்றையும் பார்த்தாள்.